நேராக நடந்தவர்கள்

வண்டி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

ஒச்சம்மா ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே பன்னிரண்டு இருக்கை. உட்கார்ந்திருந்தது நாலு பேர். ஜன்னலோரம் இருந்த ஆள் அவளைப் பார்த்தார், பிறகு பார்க்காதவர் மாதிரி செல்போனுக்குள் குனிந்துகொண்டார். ஓட்டுகிற ஆள் கிடையாது. கெஞ்சவும் வழியில்லை, திட்டினாலும் உறைக்காது.

கதவுக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம், ஒச்சம்மா. நீங்கள் மிக நன்றாக நடக்கிறீர்கள். செங்குளத்தூர் உங்களால் பெருமை கொள்கிறது."

"நாசமாப் போச்சு உன் பெருமை. கதவைத் தெறடி."

"நடையோடு தொடங்கட்டும் உங்கள் நாள்."

வண்டி சத்தமில்லாமல் போய்விட்டது. காலை ஆறரை மணி. வேலைக்கு ஆள் எடுக்கிற முக்கு நாலு கிலோமீட்டர் மேற்கே இருந்தது. வலது முட்டிக்குள் யாரோ மணலைக் கொட்டி வைத்தது போலிருந்தது. அவள் கம்பத்தை விட்டுவிட்டு நடந்தாள். நேராக நடந்தாள்.

செங்குளத்தூரில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி ஆறு வருடமாகிறது. ஊர் குறுக்கே ஆறு கிலோமீட்டர்தான், அதற்கு எதற்கு இத்தனை புகை என்று நகரசபை முடிவெடுத்தது. இனிமேல் நடை, இல்லாவிட்டால் சைக்கிள். இரண்டும் முடியாதவர்களுக்குத் துணைவண்டி. அது காகிதத்தில் இருக்கிற பெயர். ஊர் வாயில் அது நொண்டி வண்டி. முதலில் டாக்டர் சீட்டைக் காட்டினால் ஏற்றிக்கொண்டார்கள். சீட்டு வாங்கத் தெரிந்தவன் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் நடைபாதை முழுக்க நடைக்கல் பதித்தார்கள். மேல் பார்வைக்குச் சாதாரணக் கல். அதன் மேல் கால் பட்டால் யாருடைய கால், எந்தக் காலில் எவ்வளவு பாரம், எந்தக் கால் தயங்குகிறது என்று எல்லாமே அதற்குத் தெரியும். உனக்கு நடக்க முடியுமா முடியாதா என்பதைக் கல் சொல்லும். கல் சொன்னால்தான் கதவு திறக்கும்.

திட்டத்தை அவளால் வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை. மகள் தர்ஷிகா சின்ன வயதில் வாரம் ஒருமுறை மூச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பாள். புகை நின்றபின் அந்த இழுப்பு ஒருநாள்கூட வந்ததில்லை. இப்போது பாலிடெக்னிக்குக்குச் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள். அந்தச் சைக்கிள் பாதை போடுவதற்காகத்தான் குளத்தங்கரைக் குடிசைகளை எடுத்து, ஊரின் கிழக்குக் கோடியில் வீடு கொடுத்தார்கள். வீடு நல்ல வீடுதான். வேலை மேற்கே இருக்கிறது. ஒச்சம்மாவுக்கும் ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். முட்டி மடங்கினால்தானே மிதிப்பதற்கு?

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடந்தீங்கன்னா, ஒரு வருசத்துல படுத்துருவீங்க." அவள் முக்குக்குப் போய்வரவே எட்டு நடக்கிறாள். அதற்கு மேல் கட்டட வேலை.

தண்ணித்தொட்டி முக்கு வந்ததும் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் தொட்டிச் சுவரில் கையூன்றி நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இது எப்போதும் நடக்கிறதுதான். முக்கைத் திரும்பினால் அறுபது அடியில் மேஸ்திரி சௌந்தரபாண்டி நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து ஆள் எடுக்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். சட்டியைத் தலையில் வைத்துச் சாரம் ஏறுகிறவளுக்கு முகம் எதற்கு? அதனால் இங்கே நின்று மூச்சை இழுத்து, வலியை வெற்றிலைச் சக்கையைப் போலக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, அந்த அறுபது அடியைப் போலீஸ்காரன் மாதிரி நடந்து கடக்க வேண்டும்.

முன்பெல்லாம் அந்த அறுபது அடிதான். இப்போது மேஸ்திரியின் போனில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கால் படம் தெரிகிறது. நடக்கிற ஆள் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கல் பார்ப்பதை அவரும் பார்க்கிறார். அதனால் ஊர் முழுக்க, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், அந்த அறுபது அடி நடைதான். கல் இல்லாத இடம் வீட்டுக்குள் மட்டும்.

"அது ஏம்மா, வீட்டுக்குள்ள வந்தா மட்டும் நொண்டுற?" என்று தர்ஷிகா ஒருநாள் கேட்டாள்.

ஒச்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே சோற்றுப் பானையை இறக்கப் போனாள்.

வண்டி ஏற்றாமல் போன அன்றைக்கு அரை நாள் வேலையை விட்டுவிட்டு நகரசபைக்குப் போனாள். மூன்று மேசை மாற்றி அனுப்பினார்கள். கடைசியில் மாடியில், நடைப்பிரிவில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். ரெஹானா, இன்ஜினியர் என்று பலகை சொன்னது.

"உக்காருங்க அக்கா. மாடி ஏறி வந்தீங்களா?"

"பறந்தா வர முடியும்?"

ரெஹானா சிரித்துவிட்டாள். திரையைத் திருப்பி எதையோ தட்டினாள். பச்சைக் கோடு ஒன்று அலையலையாக ஓடியது.

"இதான் உங்க நடை. கோவிச்சுக்காதீங்க, ஊருக்குள்ள நல்ல நடை நடக்கிறவங்கள்ல நீங்க ஒருத்தர். ரெண்டு காலுக்கும் நூல் பிடிச்ச மாதிரி ஒரே பாரம்."

ஒச்சம்மா பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து மேசைமேல் போட்டாள். "இதையும் பாருங்க மேடம்."

ரெஹானா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள்.

"இது... இடையில எதுவுமே இல்லையே. எலும்பும் எலும்பும் உரசுது. இந்தக் காலோட எப்படி இப்படி நடக்குறீங்க?"

"நடந்தாத்தான் வேலை குடுப்பாங்க."

"கல்லுக்கு முட்டி வலிக்காரங்க நடையெல்லாம் தெரியும் அக்கா. சும்மா பதிக்கல. நிஜ ஆளுங்களை வச்சுப் பழக்கியிருக்கு."

"யாரை வச்சு?"

"அப்ப நான் பயிற்சிக்கு வந்திருந்தேன். உழைக்கிற ஆளுங்க நாப்பது பேரு. முதல்ல எல்லாருக்கும் எக்ஸ்ரே. அதுல முப்பத்தொரு பேருக்கு முட்டி தேஞ்சிருந்துச்சு. அப்புறம் ஒரு நீலப் பாய் விரிச்சு, எப்பவும் போல நடங்கன்னு சொன்னோம். தேஞ்ச முட்டி எப்படி நடக்கும், நல்ல முட்டி எப்படி நடக்கும்னு கருவி அதுலதான் கத்துக்கிச்சு."

ஒச்சம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"நீலப் பாயா? தண்ணித்தொட்டி முக்குலயா? பிஸ்கட்டும் ஜூசும் குடுத்தீங்களே?"

"ஆமா! உங்களுக்கு எப்படி..."

"நான் அதுல மூணாவது ஆளு."

அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து எலும்பைப் படம் எடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். எதற்கென்று ஒருத்தனும் விளக்கவில்லை. ஏதோ பெரிய பாலத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வரிசையில் பேச்சு பரவியது. ரெண்டு வருடத்து வேலையாம். அவளுக்குப் பின்னால் நின்ற பஞ்சவர்ணத்துக்கு அப்போதே இடுப்பு ஒரு பக்கம் சாயும். ஒச்சம்மா அவள் விலாவில் கிள்ளினாள். "நேரா நடடி. பாக்குறாங்க." பஞ்சவர்ணம் நேராக நடந்தாள். நாற்பது பேரும் நடந்தார்கள்.

"ஆளெடுக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சோம் தாயி" என்றாள் ஒச்சம்மா. "ஒருத்தரும் எப்பவும் போல நடக்கல."

ரெஹானா எக்ஸ்ரேயை மெதுவாகக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்படின்னா கருவி என்ன கத்துக்கிட்டிருக்கும் தெரியுமா அக்கா? முட்டி இவ்வளவு தேஞ்சாலும் மனுசன் நேராத்தான் நடப்பான், அதனால தேய்மானம் நடைக்குத் தடையே இல்லன்னு. காலைத் தரதரன்னு இழுத்தாத்தான் அது நம்பும். உங்களை மட்டும் இல்ல, ஊர்ல முட்டி வலின்னு வர்ற எல்லாரையும் உங்க நாப்பது பேரோட ஒப்பிட்டுத்தான் அது பாக்குது." திரையில் வேறொரு பட்டியலைத் திறந்தாள். "இந்த வருசம் மூணு பேரு வண்டி கிடைக்காம நடந்து போயி ரோட்டுல விழுந்துட்டாங்க. காரணம் தெரியாம, அழுக்கு அடைச்சிருக்கும்னு நெனச்சு நாங்க கல்லைக் கழுவிக்கிட்டு இருந்தோம்."

அதில் ஒருத்தி பஞ்சவர்ணம். இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். ஒச்சம்மா அதைச் சொல்லவில்லை.

"மாத்த முடியுமா?"

"வருசத்துக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்கணும், அது என் பொறுப்புதான். பாயை மறுபடி விரிக்கிறேன். அந்த நாப்பது பேர்ல எத்தனை பேர் கிடைச்சாலும் சரி, உள்ளபடி நடக்கணும். ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது."

"நடந்தா, மேஸ்திரி போன்ல தெரியுமா?"

ரெஹானா திரையை அணைத்தாள். "பாய்ல நடக்குறது தெரியாது. ஆனா புது அளவு ஏறிட்டா கல்லு எல்லாக் காலையும் புதுசாப் பார்க்கும். நீங்க எவ்வளவு மறைச்சாலும் கண்டுபிடிச்சிரும். அந்தத் தகவல் யார் கேட்டாலும் குடுக்கணும்னு விதி. என்னால தடுக்க முடியாது."

ஒச்சம்மா எழுந்தாள். வண்டிக் கதவு திறக்கும், வேலைக் கதவு மூடும். இதற்காகவா அரை நாளை விட்டுவிட்டு மாடி ஏறினாள்?

இரண்டு நாள் அவள் வழக்கம்போல நேராகவே நடந்தாள். மூன்றாம் நாள், கட்டடத்து நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, ரெஹானா சொன்னதையும் ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கப்போவதையும் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே வேலம்மா பாய்ந்தாள்.

"நல்லாருக்குடி ஒன் நியாயம். நீ மகாராணி மாதிரி வண்டியில போறதுக்கு, நாங்க பூராம் வீட்டுல குந்தணுமா?"

"எனக்கு மட்டுமா வலிக்குது? நீ நேத்து சாரத்துல நின்னு அழுதியே, தூசி விழுந்துருச்சுன்னு. எந்தத் தூசிடி அது?"

"அது எங்க கண்ணு, எங்க தூசி. ஒனக்கென்ன?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். மொக்கையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பஞ்சவர்ணத்தின் புருசன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார், "விடு தாயி. கல்லுக்குப் பொய் சொல்லித்தான் கஞ்சி குடிக்கிறோம். அதுலயும் மண்ணள்ளிப் போடாத."

"மொக்கையண்ணே, மதினி விழுந்தது என்னாலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குப் பாய் விரிச்சாங்கள்ல, மதினி ஒரு பக்கமாச் சாஞ்சு நடந்துச்சு. நான்தான் கிள்ளி, நேரா நடன்னேன். அந்த நடையைப் பாத்துத்தான் கல்லு படிச்சிருக்கு. அதுவே திரும்பி வந்து மதினிக்குக் கதவு தெறக்க மாட்டேன்னுருச்சு."

கலவை எந்திரம் எங்கோ உருண்டது. மொக்கையன் கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றார். "காலையில கெளம்பையில நானும்தான் சொன்னேன். முக்குல மானத்தை வாங்கிறாதடின்னு." உருண்டையைத் திரும்பத் தூக்குக்குள்ளேயே வைத்து மூடினார். "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

ஞாயிறு பத்து மணிக்குப் பதினேழு பேர் வந்தார்கள். வேலம்மாவும் வந்தாள், வேடிக்கை பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு. ரெஹானா ஒச்சம்மா வீட்டுத் தெருவிலேயே நீலப் பாயை விரித்தாள். சைக்கிளில் போனவர்கள் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.

மொக்கையன் முதலில் நடந்தார். நேராக நடந்தார். அடுத்தவனும் அப்படியே. வேலம்மா அணிவகுப்பு மாதிரி நடந்தாள்.

"அண்ணே, எப்பவும் போல" என்று ரெஹானா கெஞ்சினாள்.

"இதுதாம்மா எப்பவும் போல" என்றார் மொக்கையன். அவருக்கே அழுகை வருவது போலிருந்தது. "வரமாட்டேங்குது."

ஒச்சம்மா போனாள். நொண்ட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் பாயில் கால் வைத்தாள். ஆனால் தெரு பார்த்தது. உடம்பு தானாக நிமிர்ந்தது, வலி கடைவாய்க்கு ஒதுங்கிக்கொண்டது. கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இருபது வருடமாக அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தானே.

பாயின் மறுமுனையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என்ன அக்கா பண்றீங்க?"

"வீட்டுக்குள்ள விரிப்போம் தாயி. நாங்க வீட்டுக்குள்ளதான் நொண்டுவோம்."

ஒற்றை அறையும் அடுப்படியும்தான் வீடு. வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் பாய் சரியாக இருந்தது. தர்ஷிகா ஜன்னலைச் சாத்தினாள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், மற்றவர்கள் வெளியே சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒச்சம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். முட்டி தன் இஷ்டத்துக்கு மடங்கியது. கை தானாகச் சுவரைத் தேடியது. நடந்து முடித்தபோது ரெஹானா திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலம்மா உள்ளே போனவள் திரும்ப வர ரொம்ப நேரமாயிற்று. வெளியே வந்ததும், "அடுப்புப் புகை கண்ணுல பட்டுருச்சு" என்றாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வாய்வழியாகச் செய்தி போய் இன்னும் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

தெருவில் மறைத்த நடையும் வீட்டுக்குள் நடந்த நடையும் சேர்ந்த புது அளவு, புதன்கிழமை கல்லுக்குள் ஏறியது.

வியாழன் காலை வண்டி வந்தது. கதவு அவளைக் கண்டதும் திறந்துகொண்டது. ஆனால் ஏற இடமில்லை. பன்னிரண்டு இருக்கையில் இருபது பேர், நிற்கிறவர்கள் தோளில் சாய்ந்து நிற்கிறவர்கள், படியில் ஒரு கீரைக்காரி. "அடுத்ததுல வாங்க" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். ஊருக்கு இருந்ததே மூன்று வண்டிதான்.

ஒச்சம்மா நடந்தாள். வழியெல்லாம் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இத்தனை பேரா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூட ஆயா, சலூன்காரர், பால்காரர் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று நின்று போனார்கள். கல்லிடம் மறைக்க இனி எதுவுமில்லை. பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

முக்குக்கு வந்தபோது மணி எட்டு. மேஸ்திரி போனை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

"என்னத்தா இது? பூராம் சிவப்பா இருக்கு. பச்சை ரெண்டே ரெண்டு. அதுல ஒருத்தன் போன வாரம் வந்தவன்." குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமிருந்தது. "இன்னைக்கு மேல்தளம் கான்கிரீட்டு. முப்பது ஆளு வேணும். கலவையை ஓட்ட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது, தெரியும்ல? சரி, கல்லு கெடக்கட்டும். நானே கேக்குறேன். சைட்டு ரெண்டு கிலோமீட்டரு. யாரு யாருக்கு நடக்க முடியும், கையத் தூக்குங்க."

அத்தனை கையும் மேலே போனது. வேலம்மா, மொக்கையன், நேற்றுவரை தொட்டிச் சுவரைப் பிடித்து நின்றவர்கள் எல்லோருடைய கையும். ஒச்சம்மாவின் கையும் பாதி உயரம் போய்விட்டது. அது அந்தரத்தில் நிற்பதை அவளே பார்த்தாள். கீழே இறக்கினாள். அப்புறம் நடைபாதைக் கல்லில், மேஸ்திரியின் செருப்புக்கு முன்னால், அப்படியே உட்கார்ந்தாள்.

"எந்திரித்தா. என்ன நீயி?"

"வேலை பாப்பேன் மேஸ்திரி. இருட்டுற வரைக்கும் சட்டி தூக்குவேன். நடக்க முடியாது. வண்டி வரட்டும்."

"வண்டியா? ஒன்னையக் கூட்டிட்டுப் போக வண்டியா? ஆளா இல்ல ஊர்ல?"

"போன்ல பாத்துச் சொல்லுங்க, எங்க இருக்குன்னு."

மொக்கையனின் கை இறங்கியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலம்மா, "எனக்கும் வேணாம்டா சாமி இந்தச் சனியன் புடிச்ச நடை" என்று பொத்தென்று உட்கார்ந்தாள். ஒவ்வொரு கையாக இறங்கியது. கடைசியில் அந்தப் பச்சைக்காரப் பயல்கள் ரெண்டு பேர் மட்டும் நின்றார்கள். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மேஸ்திரி போனைக் காதில் வைத்தார். "சார், ஆளு இருக்காங்க சார்... வேலை பாப்பாங்களாம். நடக்க மாட்டாங்களாம்... இல்ல சார், ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, எல்லாரும்... வண்டி கேக்குறாங்க... திட்டாதீங்க சார்... நான் என்ன சார் பண்ண முடியும்..."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது. மேஸ்திரி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். மேற்கே கட்டடத்தில் கலவை எந்திரம் இன்னும் உருள ஆரம்பிக்கவில்லை. எங்கிருந்தாவது வண்டி வருமா, இல்லை நாளைக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்குவார்களா, ஒச்சம்மாவுக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி உட்கார்ந்து அவள் பார்த்ததே கிடையாது. இப்போது அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். சுவரில் ஒரு கையை ஊன்றி, இடது காலை மடக்காமல் முன்னால் நீட்டி வைத்து, வலது காலால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்ல மெல்லக் கல்லின்மேல் இறங்கினார். முட்டி போனவர்கள்தான் அப்படி உட்காருவார்கள்.

ஒச்சம்மா கொஞ்சம் நகர்ந்து, அவர் கால் நீட்ட இடம் விட்டாள்.